லைப்ஸிக் புத்தகச் சந்தை: ஐந்து நாள் குறிப்புகள்

முதல் நாள். புதன், மார்ச் 26, 2025

நியூரம்பர்க்கில் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு ரயில் ஏறினேன், சாயங்காலத்துக்கு முன்னாலேயே லைப்ஸிக் வந்துவிட்டது. ஆறு வருடமாக ஜெர்மனியில் இருக்கிறேன். இந்தச் சந்தைக்கு வரவேண்டும் என்று ஆரம்பத்திலிருந்தே நினைப்பு, ஒவ்வொரு தடவையும் ஏதாவது தடங்கல் வந்துவிடும். இந்தத் தடவைதான் வாய்த்தது.

இங்கே இரண்டு பெரிய புத்தகச் சந்தைகள் உண்டு. அக்டோபரில் நடக்கும் ஃபிராங்க்ஃபர்ட் சந்தை பெரும்பாலும் பதிப்பாளர்களுக்கும் உரிமை வாங்குகிறவர்களுக்கும் உரியது. வசந்தத்தில் நடக்கும் லைப்ஸிக் சந்தை வாசகர்களுடையது. நான் வந்த காரணம் அது மட்டும் இல்லை. லைப்ஸிக் புத்தகச் சந்தைப் பரிசு என்று 2005இலிருந்து ஒரு பரிசு கொடுக்கிறார்கள். புனைவுக்கு ஒன்று, கட்டுரை மற்றும் அபுனைவுக்கு ஒன்று, மொழிபெயர்ப்புக்கு ஒன்று. மொத்தம் 60,000 யூரோ. மூன்று பிரிவுக்கும் ஒரே தொகை, ஒரே மேடை, ஒரே நேரம். ஃபிராங்க்ஃபர்ட் சமயத்தில் கொடுக்கும் ஜெர்மன் புத்தகப் பரிசுதான் செய்திகளில் அதிகம் அடிபடும், ஆனால் அது ஜெர்மனில் எழுதிய நாவலுக்கு மட்டும். மொழிபெயர்ப்பாளரை நாவலாசிரியருக்குப் பக்கத்தில் சரிசமமாக நிறுத்துவது லைப்ஸிக்தான். இதை ஒரு தடவையாவது நேரில் பார்க்கவேண்டும் என்று இருந்தது.

இந்தப் பரிசு வாங்கிய சில மொழிபெயர்ப்பாளர்களின் கதையைக் கேட்டால் தலை சுற்றும். 2010இல் வாங்கிய உல்ரிஷ் புளூமன்பாக் ஒரே ஓர் அமெரிக்க நாவலுக்கு ஆறு வருடம் கொடுத்தவர். 2017இல் வாங்கிய ஏவா லூடி கோங், 'மேற்கு நோக்கிய பயணம்' என்ற பழைய சீன நாவலோடு பதினேழு வருடம் உட்கார்ந்தவர். பதினேழு வருடத்தில் ஒரு குழந்தை பிறந்து பள்ளிக்கூடமே முடித்துவிடும்.

ராத்திரி, தங்கும் விடுதியின் கீழ்க்கட்டிலில் படுத்துக்கொண்டு தொடக்க விழாவை போனில் பார்த்தேன். கெவாண்ட்ஹவுஸ் இசை அரங்கத்தில் நடந்தது. தொடக்க விழாவில் கொடுப்பது இன்னொரு பரிசு, ஐரோப்பியப் புரிதலுக்கான லைப்ஸிக் புத்தகப் பரிசு. இந்த வருடம் அது பெலாருஸ் எழுத்தாளர் அல்ஹெர்ட் பகரேவிச்சுக்கு, 'ஐரோப்பாவின் நாய்கள்' என்ற நாவலுக்காக. சொந்த நாட்டில் தீவிரவாத நூல் என்று முத்திரை குத்தித் தடை செய்யப்பட்ட புத்தகம் அது, எழுதியவர் நாட்டைவிட்டு வெளியேறி வாழ்கிறார். அவர் எழுதுவது பெலாருஷ்ய மொழியில். சொந்த நாட்டிலேயே ரஷ்ய மொழியின் நிழலில் ஒதுங்கிப்போய், அழியும் ஆபத்தில் உள்ள மொழிகளின் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற மொழி. அந்த நாவலை ஜெர்மனுக்குக் கொண்டுவந்தவர் தோமாஸ் வைலர்.

நாளைய பரிசுக்கான மொழிபெயர்ப்புப் பட்டியலிலும் அதே வைலர் இருக்கிறார், வேறொரு பெலாருஷ்யப் புத்தகத்துக்காக. இதை நினைத்துக்கொண்டே தூங்கப்போகிறேன்.

இரண்டாம் நாள். வியாழன், மார்ச் 27

16ஆம் எண் டிராம் நேராகச் சந்தை வாசலில் இறக்கிவிடுகிறது. காலையிலேயே பெட்டி நிறைந்து வழிந்தது. எனக்குப் பக்கத்தில் நீல நிற விக்கும் அட்டையில் செய்த வாளுமாக ஒரு பெண், எதிரே பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு வகுப்பு முழுக்க. மாங்கா என்கிற ஜப்பானியப் படக்கதைகளுக்கும் காமிக்ஸுக்குமான திருவிழாவும் இதே வளாகத்தில், இதே நாட்களில்தான் நடக்கிறது. அந்தப் பிள்ளைகள் கூட்டம் புத்தகச் சந்தைக்கு ஒரு கலகலப்பைக் கொடுக்கிறது, எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

உள்ளே போனதும் கண்ணாடிக் கூடம். 1996இல் கட்டியது, கிட்டத்தட்ட கால் கிலோமீட்டர் நீளம், வளைந்த கூரை முழுக்கக் கண்ணாடி. வெளிச்சம் கொட்டுகிறது. சத்தமும்தான், யார் எங்கே பேசினாலும் மேலே போய் முட்டிவிட்டுக் கீழே வருகிறது. பரிசளிப்பு நடப்பது இந்தக் கூடத்திலேயேதான். கதவு சாத்திய அரங்கம், அழைப்பிதழ் என்றெல்லாம் இல்லாமல், ஜனங்கள் குறுக்கும் நெடுக்கும் நடக்கிற இடத்தின் நடுவில்.

நாலு மணிக்கு விழா என்று மூன்றேகாலுக்கே போனேன், நாற்காலி எல்லாம் நிறைந்துவிட்டது. ஓரமாகத் தரையில் உட்கார்ந்தேன். என்னருகில் டிரெஸ்டனிலிருந்து வந்த ஒரு பாட்டி, புத்தகக் கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம், கோட்டைக் கழற்றி மடித்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார். நீங்கள் யாருக்காக வந்தீர்கள் என்று கேட்டார். மொழிபெயர்ப்புப் பிரிவுக்காக என்றேன். அவர் என்னை நன்றாகப் பார்த்துவிட்டு, பையிலிருந்து ஓர் ஆப்பிளை எடுத்து என் கையில் கொடுத்தார்.

நடுவர்கள் ஏழு பேர், இலக்கிய விமர்சகர்கள். பிரிவுக்கு ஐந்தாக மொத்தம் பதினைந்து புத்தகங்கள் இறுதிப் பட்டியலில். புனைவில் இந்தத் தடவை கிறிஸ்டியான் கிராஹ்ட், வொல்ஃப் ஹாஸ் என்று ஊரறிந்த பெயர்கள் இருந்தன. பரிசு கிடைத்தது கிறிஸ்டினே பில்காவின் 'ஹால்ப்இன்ஸல்' நாவலுக்கு. தலைப்பின் பொருள் தீபகற்பம். வடகடல் ஓரத்தில் வாழும் ஓர் அம்மாவும், உலகத்தைச் சரிசெய்யக் கிளம்பி உடைந்துபோய் வீடு திரும்பும் மகளும். சத்தம் போடாத நாவல் என்று கேள்விப்பட்டிருந்தேன், அதற்குக் கிடைத்ததில் சந்தோஷம். அபுனைவில் இரினா ரஸ்தோர்குயேவா, ரஷ்யப் பிரச்சார எந்திரம் எப்படி ஓடுகிறது என்று எழுதிய புத்தகம். சகாலின் தீவில் பிறந்தவர்.

மொழிபெயர்ப்புக்கு தோமாஸ் வைலர்.

பெயரைச் சொன்னதும் எழுந்த கைதட்டல் அந்தக் கண்ணாடிக் கூரையில் போய்த் திரும்பி வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஜெர்மன் வாசகர்களில் பலர் ஒரு வரிகூடக் கேட்டிருக்காத ஒரு மொழி, நேற்று ராத்திரி கெவாண்ட்ஹவுஸ் மேடையில், இன்று சாயங்காலம் இந்த மேடையில். இரண்டு இடத்துக்கும் அதைக் கைப்பிடித்துக் கூட்டி வந்தது ஒரே ஆள்.

பரிசு பெற்ற புத்தகத்தின் ஜெர்மன் தலைப்பு 'ஃபொயர்டோர்ஃபர்', நெருப்புக் கிராமங்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படைகள் பெலாருஸில் நூற்றுக்கணக்கான கிராமங்களை ஜனங்களோடு சேர்த்து எரித்தன. 1943 மார்ச் 22 அன்று கத்தின் என்ற ஒரே கிராமத்தில் 149 பேர். முப்பது வருடம் கழித்து, எழுபதுகளின் தொடக்கத்தில், அலேஸ் அடமோவிச், யாங்கா பிரிள், உலாத்சிமிர் கலேஸ்னிக் என்ற மூன்று எழுத்தாளர்கள் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய், தப்பிப் பிழைத்த முந்நூறுக்கும் மேற்பட்டவர்களைப் பேசவைத்துப் பதிவு செய்தார்கள். 1975இல் புத்தகம் வந்தது. பின்னால் நோபல் பரிசு பெற்ற ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச், தன் குரல்வழி எழுத்துக்கு அடமோவிச்சைத்தான் ஆசான் என்கிறார். அப்படிப்பட்ட புத்தகம் ஜெர்மனுக்கு வர, எரித்தவர்களின் மொழிக்கு வர, ஏறக்குறைய ஐம்பது வருடம் ஆகியிருக்கிறது.

விழா முடிந்ததும் பதிப்பகத்தின் ஸ்டாலுக்கு ஓடினேன். அடுக்கி வைத்திருந்தது பாதி தீர்ந்துவிட்டிருந்தது. நின்றபடியே புரட்டினேன். வயதான பெண்களின் பேச்சுதான் நிறைய. சொன்னதையே திரும்பச் சொல்கிறார்கள், நடுவில் நிறுத்துகிறார்கள், வேறு எதையோ பேசிவிட்டு மறுபடி அந்த இடத்துக்கே வருகிறார்கள். இதை ஒழுங்கான எழுத்து ஜெர்மனாக ஆக்கியிருந்தால் செத்துப்போயிருக்கும். எந்த வட்டார வழக்கும் இல்லாமல், அதே சமயம் ஒரு கிராமத்துக் கிழவி வாய்திறந்து பேசுகிற மாதிரியே ஜெர்மன் எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று அந்த வேலையைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நாலு பக்கத்துக்கு மேல் என்னால் நின்று படிக்க முடியவில்லை. மூடி வைத்துவிட்டேன். ஆப்பிள் அப்படியே பையில் இருந்தது.

மூன்றாம் நாள். வெள்ளி, மார்ச் 28

இன்று மொழிபெயர்ப்பாளர்கள் கூடும் பகுதியிலேயே அரை நாள் போய்விட்டது. இலக்கிய மொழிபெயர்ப்பாளர்களுக்கு இங்கே 1954இலிருந்து ஒரு சங்கம் இருக்கிறது. அவர்கள் பேசிக்கொள்ளும்போது அடிக்கடி காதில் விழுந்த வார்த்தை நோர்ம்ஸைட்டே, நியமப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்துக்கு 30 வரி, ஒரு வரிக்கு 60 எழுத்து. எந்தப் புத்தகமாக இருந்தாலும் இந்தக் கணக்கில் பக்கத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி.

அந்தக் கூலி போதாது என்பது வேறு விஷயம். ஆனால் சட்டம் அவர்கள் பக்கம் நிற்கிறது. ஜெர்மன் காப்புரிமைச் சட்டப்படி மொழிபெயர்ப்பு தனிப் படைப்பு, மொழிபெயர்ப்பாளர் அதன் ஆசிரியர், பெயர் போடச் சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. விற்பனையில் பங்கு வேண்டும் என்று நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறார்கள். 2009இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது, பக்கக் கூலிக்கு மேல், ஐயாயிரம் பிரதி தாண்டினால் கெட்டி அட்டைப் பதிப்பில் 0.8 சதவீதம், மலிவுப் பதிப்பில் 0.4 சதவீதம் கொடுக்கவேண்டும் என்று. பார்க்கச் சின்ன எண்தான். அந்தச் சின்ன எண்ணுக்குப் பின்னால் எத்தனை வருடப் போராட்டம் என்று ஒரு பெண்மணி விவரித்துக்கொண்டே போனார். போலிஷிலிருந்து மொழிபெயர்ப்பவர், அறுபது வயது இருக்கும், மேசைமேல் இருந்த காபி ஆறிப்போனதையே கவனிக்கவில்லை.

நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். பகலில் கணினி வேலை, ராத்திரியில் ஜெர்மன் கதைகளைத் தமிழில் ஆக்கிப் பார்க்கிறேன் என்றேன். வெளிவந்திருக்கிறதா என்றார். சொன்னேன். எட்டு வருடத்துக்கு முன்னால், ஊரில் இருந்தபோது, ஆங்கிலம் வழியாக ஒரு சிறுகதைத் தொகுப்பை மொழிபெயர்த்துக் கொடுத்தேன். பதினொரு மாத உழைப்பு. புத்தகம் கைக்கு வந்தபோது அட்டையிலும் என் பெயர் இல்லை, உள்ளேயும் இல்லை. கேட்டதற்கு அடுத்த பதிப்பில் சேர்த்துவிடுகிறோம் என்றார்கள், அடுத்த பதிப்பு வரவே இல்லை. அதற்கப்புறம் மூன்று வருடம் நான் எதையும் மொழிபெயர்க்கவில்லை. இதை எல்லாம் ஜெர்மனில் சொல்லி முடித்தபோது எனக்கே வியர்த்துவிட்டது. அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தன் நோட்டைத் திருப்பி, என் பெயரை எழுத்துக்கூட்டச் சொல்லி, எழுதிக்கொண்டார்.

சாயங்காலம் அதே 16ஆம் எண் டிராமில் ஊரின் மறுபக்கத்துக்குப் போனேன். ஜெர்மன் தேசிய நூலகம் அங்கேதான் இருக்கிறது, 1912இல் தொடங்கியது. ஜெர்மனியில் அச்சாகும் எல்லாவற்றையும் சேர்க்கிறார்கள் என்பது தெரிந்த விஷயம். ஜெர்மன் நூல்களின் மொழிபெயர்ப்புகள் வெளிநாட்டில் எந்த மொழியில் வந்தாலும் அவற்றையும் சேர்ப்பது இவர்கள் வேலை என்பது எனக்குப் புதுச் செய்தி. அப்படியென்றால் ஜெர்மனிலிருந்து தமிழுக்குப் போன புத்தகங்களுக்கும் இந்தக் கட்டடத்தில் இடம் உண்டு. நம் ஊர்க்காரர்கள் யாராவது ஜெர்மன் நூல் மொழிபெயர்த்திருந்தால் ஒரு பிரதி இங்கே அனுப்பி வையுங்கள், தயவுசெய்து.

ராத்திரி ஊருக்குள் ஒரு சின்ன பாரில் வாசிப்புக் கூட்டம். 'லைப்ஸிக் வாசிக்கிறது' என்று சந்தை நாட்களில் ஊர் பூராவும் கடை, சர்ச், காபிக் கடை என்று எங்கு பார்த்தாலும் எழுத்தாளர்கள் வாசிக்கிறார்கள். இந்த வருட விருந்தினர் நாடு நார்வே, நான் போனதும் ஒரு நார்வேஜியக் கவிஞரின் வாசிப்புக்கு. மூலத்தில் ஒரு கவிதை, ஜெர்மனில் அதே கவிதை. மொழிபெயர்ப்பாளரும் பக்கத்திலேயே, அதே மாதிரி நாற்காலியில், அதே மாதிரி மைக்கோடு.

நான்காம் நாள். சனி, மார்ச் 29

சனிக்கிழமை சந்தையில் கூட்டம் தாங்காது என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். அதனால் ஹாலே போனேன். லைப்ஸிக்கிலிருந்து எஸ்-பான் ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள்.

தமிழ் வாசகர்களுக்கு ஹாலே அந்நிய ஊர் இல்லை. தரங்கம்பாடிக்கு 1706இல் வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு படித்த ஊர். அவருக்கு ஆதரவாக நின்ற ஃபிராங்கே என்ற பாதிரியாரின் அறநிலையம் இங்கேதான், இன்றும் அதே கட்டடங்களில் இருக்கிறது. தமிழ் எழுத்துக்களை இங்கே வார்த்துத்தான் தரங்கம்பாடிக்கு அனுப்பினார்கள், 1713இல் போய்ச் சேர்ந்தது. தமிழ் அச்சு 1578லேயே கொல்லத்தில் தொடங்கிவிட்டது என்றாலும், 1715இல் முழுதாக வந்த தமிழ்ப் புதிய ஏற்பாட்டுக்கு முதல் வித்து இந்த ஊர் ஈயம்தான். ஹாலே எழுத்துக்கள் ரொம்பப் பெரிதாக இருந்து, காகிதம் பத்தாமல் போய், அப்புறம் தரங்கம்பாடியிலேயே சின்னதாக வார்த்துக்கொண்டார்கள்.

மாடியில் பதினெட்டாம் நூற்றாண்டு அரும்பொருள் அறை. மேலே பாடம் செய்த முதலை தொங்குகிறது. சுற்றிலும் வண்ணம் தீட்டிய அலமாரிகள். அங்கே கண்ணாடிக்குப் பின்னால் ஓலைச்சுவடி. நான் அதன் முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. ஓலையின் ஓரம் பழுப்பேறி, துளை போட்ட இடத்தில் லேசாகக் கிழிந்திருந்தது. எழுத்தாணி கீறிய கோட்டில் மை மங்கிப்போய், சில எழுத்துக்கள் வெளிச்சம் படும் கோணத்தில் மட்டும் தெரிந்தன. தலையைச் சாய்த்தால் ஒரு 'க' தெரியும், நிமிர்த்தினால் போய்விடும். காவலர் அம்மா ஒருவர் இரண்டு தடவை என் பின்னால் நடந்து போனார், மூன்றாவது தடவை, உங்களால் அதைப் படிக்க முடியுமா என்று மெதுவாகக் கேட்டார். சில எழுத்துக்கள் முடியும் என்றேன். படித்துக் காட்டுங்கள் என்றார். வாய்விட்டுப் படித்தேன்.

சீகன்பால்கைப் பற்றிப் பேசும்போது நாம் அச்சு, பைபிள் என்றுதான் சொல்வோம். எதிர்த் திசையில் அவர் செய்த வேலையை யாரும் அதிகம் பேசுவதில்லை. வந்து இரண்டே வருடத்தில், 1708இல், நீதிவெண்பா, கொன்றை வேந்தன், உலகநீதி மூன்றையும் ஜெர்மனில் மொழிபெயர்த்து ஊருக்கு அனுப்பினார். ஔவையார் ஜெர்மன் பேசியது அன்றைக்கு. ஆனால் அச்சில் ஏறவில்லை. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூலுக்கும் அதே கதி, சமயத்தைப் பரப்பத்தான் அனுப்பினோமே தவிர அவர்கள் சமயத்தை இங்கே பரப்ப இல்லை என்பது போன்ற எண்ணம் இங்கிருந்தவர்களுக்கு. அந்த நூல் 1867இல் சென்னையில் அச்சானது. நீதிநூல்களின் மொழிபெயர்ப்பு 1930இல் ஆம்ஸ்டர்டாமில், காலண்ட் என்ற அறிஞர் பதிப்பித்து வந்தது. 1708க்கும் 1930க்கும் நடுவில் 222 வருடம்.

வியாழக்கிழமை அந்தக் கண்ணாடிக் கூரைக்குக் கீழே எழுந்த கைதட்டல் இங்கே எனக்கு மறுபடியும் கேட்டது. ஒரு சின்ன மொழிக்கு ஐம்பது வருடம் ஆனதற்கே நான் கலங்கினேனே.

திரும்பும் ரயிலில் ஆப்பிளைச் சாப்பிட்டேன். ஒரு பக்கம் நசுங்கியிருந்தது, ஆனால் இனிப்பு.

ஐந்தாம் நாள். ஞாயிறு, மார்ச் 30

ராத்திரி கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டார்கள், கோடைக்கால நேரம் தொடங்கிவிட்டது. அதனால் சந்தையில் ஒரு மணி நேரம் குறைந்த மாதிரி ஓட்டமாக ஓடினேன். நாலு நாளில் 296,000 பேர் வந்தார்களாம், அதுவரை வந்ததிலேயே அதிகம்.

இரண்டே புத்தகம் வாங்கினேன். பில்காவின் நாவல் ஒன்று, நெருப்புக் கிராமங்கள் ஒன்று. இரண்டாவதை ரயிலில் திறந்தேன். முன்னுரையைத் தாண்டிப் படிக்க ஆரம்பித்து, யேனா தாண்டும்வரை தலை தூக்கவில்லை. ஒரு பாட்டி தன் வீட்டு அடுப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். தமிழில் இவர் எப்படிப் பேசுவார் என்று மனசு தானாகவே தேட ஆரம்பித்தது. என் அப்பத்தாவின் பேச்சு வந்தது, மதுரைப் பக்கத்துப் பேச்சு. அது சரியில்லை, ஊர் மாறிவிடும். வைலர் எந்த ஜெர்மன் ஊரையும் உள்ளே விடாமல் எப்படிச் செய்தார் என்று பார்க்க அதே பத்தியை நாலு தடவை படித்தேன். வாக்கியத்தை எங்கே முறிக்கிறார், எந்தச் சின்னச் சொல்லை இரண்டு தடவை வைக்கிறார் என்று பென்சிலால் கோடு போட்டேன்.

சந்தை வழக்கமாக மார்ச்சில் நடக்கும். போகிறவர்கள் விடுதியை முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள், ஜனவரியில் தேடினால் கிடைக்காது. பரிசளிப்பு வழக்கமாக முதல் நாள், வியாழக்கிழமை சாயங்காலம், கண்ணாடிக் கூடத்தில். சீக்கிரம் போங்கள், தரையில் உட்கார ஒரு பழைய சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். ஹாலேவுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள், திங்கட்கிழமை வேண்டாம், அன்று அரும்பொருள் அறை மூடியிருக்கும். தமிழ் படிக்கத் தெரியும் என்று காவலரிடம் சொல்லுங்கள்.